சிஸ்டம் ஏத்துக்கல சார்!

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு மணி அடிக்க ஆள் இல்லை என்பதால் வரும் வினை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகள் திறக்கும் காலம் இது. "மாமா, பையனுக்கு பி.சி.ஏ. சீட் கிடைச்சிருக்கு. முதல்ல ஜாவா படிக்கட்டுமா, பைத்தான் படிக்கட்டுமா?" என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், கம்பெனிகளில் டீம் லீடராகவும் மேனேஜராகவும் இருக்கும் என் பழைய மாணவர்கள், "சார், புதுசா வர்ற பசங்க கோட் நல்லா எழுதறாங்க. ஆனா யாருக்காக எழுதறோம், அவங்க என்ன வேலை செய்யறாங்கன்னு ஒருத்தரும் கேட்க மாட்டேங்கறாங்க" என்று அலுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான்.

ஜாவாவோ பைத்தானோ, எது வேண்டுமானாலும் படிக்கட்டும். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தில் 'சிஸ்டம் அனாலிசிஸ் அண்ட் டிசைன்' என்று ஒரு தாள் இருக்கும். பிள்ளைகள் அதைத் 'தியரி பேப்பர்' என்பார்கள். கடைசி இரண்டு நாளில் மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்பது விடுதிகளில் வழிவழியாக வரும் ஞானம். மற்ற தாள்கள் எல்லாம் நிற்பதே அந்தத் தாளின் மேல்தான் என்பது என் கருத்து. அதோடு, அந்தத் தாளை வகுப்பறைக்குள் மட்டும் உட்கார்ந்து கற்க முடியாது என்பதும் என் கருத்து. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

கணினி பக்கமே போகாத உறவுகளுக்காக முதலில் ஒரு விளக்கம். ஒரு கடையோ ஆலையோ மருத்துவமனையோ நடக்க வேண்டுமானால் தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். என்ன வந்தது, என்ன போனது, யார் எவ்வளவு தர வேண்டும், நாளைக்கு எவ்வளவு தேவை. இவற்றை யார் எழுதுவது, யார் படிப்பது, யார் சரிபார்ப்பது என்ற ஏற்பாட்டுக்குத்தான் தகவல் முறைமை என்று பெயர். கணினி வருவதற்கு முன்பும் அது இருந்தது. மளிகைக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு ஒரு தகவல் முறைமைதான். கணக்குப்பிள்ளையின் குறிப்பேடும் பேரேடும் சேர்ந்தது இன்னும் பெரிய முறைமை. இருக்கும் ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று கூர்ந்து பார்ப்பது பகுப்பாய்வு. எப்படி இருந்தால் நன்றாக நடக்கும் என்று திட்டமிடுவது வடிவமைப்பு. கோட் எழுதுவது அதற்குப் பிறகு வரும் வேலை. கொத்தனார் வருவதற்கு முன் வீட்டுக்காரரிடம் "உங்க வீட்ல எத்தனை பேர், பாட்டியால படி ஏற முடியுமா?" என்று கேட்பவர் ஒருவர் வேண்டும் அல்லவா, அந்த வேலை இது.

இதை நாம் எப்படிக் கற்பிக்கிறோம்? ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். தகவல் ஓட்ட வரைபடம் ஒன்று. பீட்டர் சென் 1976-இல் தந்த உருபொருள்-உறவு மாதிரி ஒன்று. எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளத்திலிருந்து மூன்று நார்மல் ஃபார்ம்கள். எல்லாம் அருமையான கருவிகள். ஆனால் அளக்க வேண்டிய நிலத்தைப் பார்க்காமலே அளவுநாடாவைப் பற்றிக் கட்டுரை எழுத வைக்கிறோம். கடைசிப் பருவத்தில் 'நூலக மேலாண்மை' என்று ஒரு புராஜெக்ட். நகரத்தில் அதைத் தயாராகவே விற்கும் கடைகள் உண்டு. அட்டையில் தங்க எழுத்துப் பொறித்துக் கையில் தருவார்கள்.

வைவா தேர்வில் நான் கேட்கும் கேள்வி என் மாணவர்களுக்கு நினைவிருக்கும். "தம்பி, ஒருத்தன் நூலகப் புத்தகத்தைத் தொலைச்சிட்டான். கடையில பழைய பதிப்பு கிடைக்கல, புதுப் பதிப்பு வாங்கித் தர்றான். உன் புரோகிராம் என்ன செய்யும்?" பெரும்பாலும் அமைதிதான். ஒரே புத்தகத்தின் ஐந்து பிரதிகளுக்கும் தனித்தனி அக்சஷன் நம்பர் உண்டு, எனவே 'புத்தகம்' வேறு, 'பிரதி' வேறு, இரண்டும் ஒரே அட்டவணையில் இருக்க முடியாது. இதைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. மூன்று வருடம் தினமும் கடந்துபோன நூலகத்தில் நூலகர் அம்மாவிடம் கால்மணி நேரம் பேசியிருந்தால் போதும். இறுதியாண்டு மாணவன் 'நோ டியூஸ்' கையெழுத்துக்கு வந்து நிற்கும்போது அந்தப் பதிவேட்டில் எத்தனை விதமான கதைகள் வெளியே வருகின்றன என்று அவர்களே சொல்லியிருப்பார்கள்.

இந்த வேலையை முதன்முதலில் ஒழுங்காகச் செய்தவர்கள் யார் தெரியுமா? கணினிக் கம்பெனிக்காரர்கள் இல்லை. டீக்கடைக்காரர்கள்.

லண்டனில் ஜே. லையன்ஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. லயன்ஸ் கிளப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தேநீர், ரொட்டி, கேக் தயாரித்து, நாடு முழுக்கத் தேநீர்க் கடைகள் நடத்தியவர்கள். ஒரு கோப்பை தேநீரில் கிடைக்கும் லாபம் சில்லறைக் காசு. அந்தச் சில்லறை வியாபாரம் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் நடந்தால், கணக்கு எழுதும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். அதனால் ஜான் சிம்மன்ஸ் என்ற கணிதப் பட்டதாரியின் முயற்சியில் 1930-களிலேயே அங்கே 'முறைமை ஆய்வு அலுவலகம்' என்று ஒன்று நடந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் போய், ஒவ்வொரு படிவமும் எங்கே பிறக்கிறது, யார் கைக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்று விசாரிப்பதே அவர்கள் வேலை. அப்போது கணினி என்ற பொருளே இல்லை.

1947-இல் அந்த நிறுவனம் இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. போருக்குப் பிறகு அங்கே அலுவலக வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார்கள். அங்கே அவர்கள் மின்னணுக் கணிப்பொறியைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். உங்கள் ஊர் கேம்பிரிட்ஜிலேயே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். வீட்டில் வெண்ணெய் இருந்த கதை. திரும்பி வந்ததும் லையன்ஸ் நிறுவனம் கேம்பிரிட்ஜுக்குப் பணம் கொடுத்து உதவியது. எட்சாக் என்ற அந்தக் கணினி 1949 மே மாதம் ஓடியது. அதன் வழியில் தங்களுக்கென்று ஒன்றைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அதன் பெயர் லியோ. (விஜய் படம் வருவதற்கு எழுபது வருடம் முந்தைய லியோ.) 1951 நவம்பரில் அது பேக்கரிப் பொருள்களின் அடக்கவிலைக் கணக்கைப் போட்டது. உலகிலேயே அன்றாட வியாபாரக் கணக்குக்குக் கணினியைப் பயன்படுத்தியது அதுதான் முதல்முறை.

சுமார் 6,000 வால்வுகள் கொண்ட அந்த எந்திரத்தின் நினைவகம் உங்கள் கையிலிருக்கும் செல்பேசியில் ஒரு குறுஞ்செய்திப் பட்டியலுக்குக்கூடப் போதாது. ஆனாலும் அதை வைத்துச் சாதித்தார்கள். காரணம், எந்திரம் வருவதற்கு முன்பே வேலையைப் படித்திருந்தார்கள். அந்த ஆய்வு அலுவலகத்தில் பழகிய டேவிட் கேமினர் என்பவர்தான் லியோவுக்கான பணிகளை வடிவமைத்த குழுவின் தலைவர். உலகின் முதல் வணிக முறைமைப் பகுப்பாய்வாளர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அவர்கள் 1954-இல் செய்த ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தேநீர்க் கடைகள். ஒவ்வொரு கடையின் பொறுப்பாளர் அம்மாவும் நாளைக்கு எத்தனை பன், எத்தனை கேக், எத்தனை பை வேண்டும் என்று தினமும் சொல்ல வேண்டும். நம் மாணவரிடம் இதைக் கொடுத்தால் என்ன செய்வார்? எல்லாப் பொருளையும் வரிசையாகப் போட்டு, பக்கத்தில் ஒரு கட்டம் வைத்து, "தினமும் நிரப்பி அனுப்பவும்" என்பார். லையன்ஸ்காரர்கள் கடையைப் பார்த்தவர்கள். திங்கட்கிழமை விற்பனை அநேகமாகப் போன திங்கட்கிழமை போலத்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக ஒரு நிலையான ஆர்டரைக் கணினியில் வைத்துவிட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, மாற்றம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் கேட்டார்கள். மழை வரும்போல் இருக்கிறது, பத்து கேக் குறைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். இந்த முனையில் இருக்கும் பெண் கேட்டுக்கொண்டே அட்டையில் துளையிட்டுவிடுவார். மீதியை லியோ பார்த்துக்கொள்ளும்.

யோசித்துப் பாருங்கள். எழுத்து வேலை குறைந்தது, தவறு குறைந்தது, கடைக்காரம்மாவின் நேரம் மிச்சம். "மாற்றத்தை மட்டும் கேள்" என்ற அந்த யோசனை எந்தக் கணினி மொழியிலும் இல்லை. கடையில் நின்று பார்த்ததில் இருந்தது.

"அப்படியானால் இருப்பதை அப்படியே கணினியில் ஏற்றினால் போதுமா சார்?" என்று ஒருவர் கேட்பீர்கள். போதாது. மைக்கேல் ஹாமர் 1990-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய ஃபோர்டு கம்பெனிக் கதை இதற்கு நல்ல பாடம். ஃபோர்டின் வட அமெரிக்கப் பிரிவில் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் துறையில் 500-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். கணினியைக் கொண்டுவந்தால் 400 ஆகக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு மஸ்டா கம்பெனியைப் பார்த்தால், அங்கே அதே வேலைக்கு ஐந்தே பேர். மஸ்டா சிறிய கம்பெனிதான். அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் நியாயமில்லை. என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஆர்டர், சரக்கு வந்த ரசீது, சப்ளையரின் பில், இந்த மூன்றிலும் 14 விவரங்கள் பொருந்துகிறதா என்று பார்ப்பதிலும், பொருந்தாதவற்றைத் துரத்துவதிலுமே அத்தனை பேரின் பொழுதும் போகிறது. பில் எதற்கு என்று ஒருவர் கேட்டார். சரக்கு வரும் வாசலிலேயே கணினியில் ஆர்டரைப் பார், பொருந்தினால் வாங்கு, பணம் தானாகப் போகட்டும், பொருந்தாவிட்டால் லாரியைத் திருப்பி அனுப்பு என்று மாற்றினார்கள். 14 விவரங்கள் மூன்றாயின. ஆட்கள் நான்கில் ஒரு பங்கு போதும் என்றானது. பழைய முறையை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால் குழப்பம் வேகமாக நடந்திருக்கும். அவ்வளவே.

ஆக, கூர்ந்து பார்க்கவும் வேண்டும். பார்த்ததை ஏன் என்று கேட்கவும் வேண்டும். இப்போது மூன்றாவது கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன்.

லியோ கணினியைச் செய்ய 1954-இல் லையன்ஸ் நிறுவனம் ஒரு தனிக் கம்பெனியைத் தொடங்கியது. 1963-இல் அது இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கோடு சேர்ந்தது. 1968-இல் ஐ.சி.எல். என்ற பெரிய கம்பெனிக்குள் போயிற்று. 1990-இல் அதன் பெரும்பங்கை ஜப்பானின் ஃபுஜிட்சு வாங்கியது. அந்த ஐ.சி.எல்.தான் பிரிட்டன் தபால் துறைக்கு ஹொரைஸன் என்ற கணினி முறைமையைச் செய்து கொடுத்தது. அரசு உதவித்தொகையை அட்டை மூலம் வழங்கும் திட்டத்தோடு சேர்த்துத் தொடங்கிய வேலை அது. உதவித்தொகைத் துறை 1999-இல் விலகிக்கொள்ள, மிஞ்சியதைக் கிளைகளின் கணக்கு முறைமையாக்கி நாடெங்கும் நிறுவினார்கள்.

அங்கே கிராமத்துத் தபால் நிலையம் என்பது பெரும்பாலும் ஒரு சின்னக் கடையோடு சேர்ந்தது. கடைக்காரரே துணை அஞ்சலகப் பொறுப்பாளர். கணக்கில் பணம் குறைந்தால் அவர் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பது தபால் துறையின் நிலைப்பாடு. ஹொரைஸன் வந்த பிறகு, இல்லாத குறையெல்லாம் திரையில் காட்டத் தொடங்கியது. இன்று ஆயிரம், நாளை இரண்டாயிரம் பவுண்ட். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், "உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது" என்பது. திரையில் 'இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை' என்று சொல்ல ஒரு பொத்தான் இல்லை. வீட்டை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். கருவுற்றிருந்த ஒரு பெண் சிறைக்குப் போனார். உயிரை விட்டவர்களும் உண்டு. கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்வது அந்த நாட்டு நீதிமன்ற வழக்கம். தவறு என்று காட்ட வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். கிராமத்துக் கடைக்காரர் எதை வைத்துக் காட்டுவார்?

ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் பொறுப்பாளர் விடாமல் போராடினார். 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஹொரைஸனில் பிழைகள் இருந்தன, அவற்றால் கணக்கில் குறை வந்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்தது. ஃபுஜிட்சு ஊழியர்கள் தொலைவிலிருந்தே ஒரு கிளையின் கணக்கில், அந்தக் கிளைக்காரருக்குத் தெரியாமலே, பதிவுகளைச் சேர்க்க முடிந்தது என்பதும் நிலைநாட்டப்பட்டது. அப்படி முடியவே முடியாது என்றுதான் அதுவரை சொல்லி வந்தார்கள். 2024-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது.

பிழையில்லாத மென்பொருள் உலகில் கிடையாது. அதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பிழை வந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த வடிவமைப்பில் கடைக்காரருக்கு இடமே இல்லாமல் போனதுதான் என் வருத்தம். அதற்குமேல் நடந்தது மேலிடத்துப் பிடிவாதம். அதற்குப் பாடப்புத்தகம் பொறுப்பேற்க முடியாது. ஆனால் முதல் பாதி நம் பாடம்தான்.

நம் பழைய கணக்குப்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பேரேட்டில் தவறாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்க மாட்டார்கள். பழைய எண் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார்கள். யார் மாற்றினார், எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்பது ஐந்து வருடம் கழித்தும் தெரியும். 'ஆடிட் டிரெய்ல்' என்று இன்று நீங்கள் ஆங்கிலத்தில் சொல்வது அதுதான். இரண்டு தரப்பும் நோட்டு வைத்திருக்கும் ஊர்களில் அண்ணாச்சி நோட்டும் நம் வீட்டு நோட்டும் பொருந்தாவிட்டால் எதிரெதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஹொரைஸனில் நோட்டு ஒன்றுதான், அதுவும் ஒரு தரப்பின் கையில்.

"இதெல்லாம் சீமைக் கதை" என்று தள்ளிவிட வேண்டாம். நம் வாழ்வில் தினமும் கேட்கும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: "சிஸ்டம் ஏத்துக்கல சார்." போன வருடம் ஓர் அலுவலகத்தில் நானே கேட்டேன். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். இரண்டாவதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. நமக்கேது கடைசிப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துதான். அந்த ஒற்றை எழுத்தைப் போட்டால் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்கிறது. அப்பா பெயரை முழுதாகப் போட்டால் இன்னொரு அட்டையில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்கிறது. கவுன்டரில் இருந்த பெண் பாவம், என் பெண் வயது. "நான் என்ன சார் செய்ய, சிஸ்டம் ஏத்துக்கல" என்றாள். உண்மைதான், அவள் செய்ய ஒன்றுமில்லை. இந்தக் கட்டத்தை வரைந்தவர் தமிழ்நாட்டில் பத்துப் பேரிடம் "உங்க பேர் எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்காததன் விலையை இன்றுவரை நம்மில் பலர் பெயர்த் திருத்த விண்ணப்பமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. மருந்துக் கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இருப்பை எந்த அலகில் வைப்பீர்கள்? அட்டையிலா, மாத்திரையிலா? பாட்டி பத்து மாத்திரை அட்டையில் நான்கு கேட்பார். மிச்சம் ஆறு. அடுத்தவருக்கு எட்டு வேண்டும். ஆறு இந்த அட்டையிலிருந்து, இரண்டு புது அட்டையிலிருந்து. இரண்டுக்கும் பேட்ச் எண் வேறு, காலாவதி தேதி வேறு. பில்லில் எப்படி வரும்? காலாவதி தேதி அட்டையின் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும். அதனால் அனுபவமுள்ள கடைக்காரர் மறுமுனையிலிருந்து வெட்டுவார், தேதி கடைசிவரை கடையில் இருக்கட்டும் என்று. விற்காமல் காலாவதியானதை ஏஜென்சிக்குத் திருப்பினால் வரவு எப்படி, எந்த விலையில்? ஒரு நாள் மாலை அந்தக் கடையில் ஓரமாக நின்றால் இத்தனை கேள்வியும் வரும். அறையில் உட்கார்ந்து வரைந்தால் 'மருந்து, அளவு, விலை' என்று மூன்று கட்டத்தோடு முடிந்துவிடும்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, "சார், இப்ப ஏ.ஐ.யே கோட் எழுதுது. இதையெல்லாம் எதுக்குப் படிக்கணும்?" எழுதட்டுமே, நல்லது. தப்பான கேள்வியைக் கொடுத்தால் தப்பான விடையை இன்னும் வேகமாகத் தரும். அண்ணாச்சி தீபாவளிக்கு யாருக்குப் பழைய பாக்கியைத் தள்ளிவிடுகிறார், மகன் வாங்கியது அப்பா கணக்கில் ஏறலாமா என்பதெல்லாம் எழுதப்படாத விதிகள். எழுதப்படாததை எந்த எந்திரமும் படிக்க முடியாது. ஒருவர் போய்க் கேட்டு வந்து சொல்ல வேண்டும். கோட் எழுதுவது மலிவாக ஆக, கேட்டு வருபவரின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

இரண்டு, "இப்ப அஜைல் முறை சார். நூறு பக்கம் தேவை அறிக்கை எழுதற காலம் போயிடுச்சு." போனதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டி, கருத்துக் கேட்டு மாற்றுவது நல்ல முறை. ஆனால் யாரிடம் காட்டுகிறீர்கள்? மேலாளரிடம். அவர் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வார். எப்படி நடக்கிறது என்று கவுன்டரில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வாதம் நியாயமானது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "சார், நாங்க இருக்கறது சோழிங்கநல்லூர். பயன்படுத்தறவர் அமெரிக்காவுல ஏதோ ஒரு கிடங்குல இருக்கார். நடுவுல நாலு பேர். எங்களுக்கு வர்றது ஒரு டிக்கெட் மட்டும்தான்." உண்மை. லையன்ஸ்காரர்களுக்குக் கடை அவர்களுடையது, நடந்துபோய்ப் பார்த்தார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கும் வசதி எப்போதும் உண்டு. "இதில் தவறு வந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? அவர் அதை எப்படித் திருத்துவார்?" மீட்டிங்கில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். நான்கு பேரையும் தாண்டி எங்காவது ஒரு பதில் வரும். வராவிட்டால், யாரும் யோசிக்கவில்லை என்பதாவது எல்லோருக்கும் தெரியவரும். அந்தக் கிடங்குக்காரர் பெயர் உங்களுக்குத் தெரியாது. அவர் வேலை போகாமல் இருப்பது உங்கள் கேள்வியில் இருக்கலாம்.

இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்டில் மென்பொருளுக்கு எத்தனை மதிப்பெண்ணோ, அத்தனை மதிப்பெண்ணை அந்த வேலையைச் செய்பவரோடு உட்கார்ந்து எழுதிய குறிப்புக்கும் கொடுங்கள். கையால் எழுதிய குறிப்பாக இருக்கட்டும். தங்க எழுத்துக் கடையில் அது கிடைக்காது. பாடத்திட்டத்தை மாற்ற நம்மால் முடியாமல் இருக்கலாம். அக மதிப்பெண் நம் கையில்தானே இருக்கிறது.

பெற்றோர்களுக்கு: பையன் மெடிக்கல் ஷாப்பிலோ மாமாவின் ஹார்டுவேர் கடையிலோ ஒரு மாதம் உட்கார்ந்தால், "படிக்கிற பிள்ளை கடையில உட்காரலாமா" என்று இழுத்து வராதீர்கள். அவன் அங்கே படித்துக்கொண்டுதான் இருப்பான்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். வாத்தியார் புத்தி போகாது. உங்கள் தெருவில் கணக்கு எழுதும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். பால் சங்கம், மாவு மில், அச்சகம், எதுவானாலும் சரி. அனுமதி கேட்டு இரண்டு நாள் ஓரமாக உட்காருங்கள். செல்பேசி பையில் இருக்கட்டும். பிறகு அவர்களிடம் இந்த ஐந்தைக் கேளுங்கள். இதை முதலில் எழுதுபவர் யார்? இதைப் படித்து முடிவெடுப்பவர் யார்? தினமும் எழுதி ஒருவரும் படிக்காதது ஏதாவது உண்டா? கடைசியாகக் கணக்கு இடித்தது எப்போது, என்ன செய்தீர்கள்? தவறாக எழுதியதைத் திருத்தினால், திருத்தியது யாருக்குத் தெரியும்? பதில்களை ஒரே பக்கத்தில் தமிழிலேயே எழுதுங்கள். படம் வரைய வேண்டாம், மென்பொருள் வேண்டாம். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். "ஆமா தம்பி, இப்படித்தான் நடக்குது" என்று அவர்கள் சொல்லும்வரை திருத்துங்கள்.

அந்தப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மை பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது. வேலையில் இருக்கும் மாணவர்கள், நீங்கள் பார்த்த நல்ல வடிவமைப்பு, மோசமான வடிவமைப்பு எதுவானாலும், கம்பெனிப் பெயர் சொல்லாமல் கீழே எழுதுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவே பாடம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்